நகமில்லாத பூனை ஏன் கடிக்கிறது?

மூன்றாம் படிவ அறிவியல் பாடநூலின் முதல் அத்தியாயம் நினைவிருக்கிறதா? ‘ரங்சாஙான் டான் கெராக் பாலாஸ்’. தமிழில் சொன்னால் தூண்டலும் துலங்கலும். அந்தப் பாடத்தை நடத்தி முடித்த நாளில், மணி அடித்த பிறகும் ஒரு மாணவன் வகுப்பை விட்டுப் போகாமல் என் மேசை அருகே நின்றான்.

“சார், எங்க வீட்டுப் பூனைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. அம்மா இந்த வாரக் கடைசியில பாசார்ல கொண்டுபோய் விட்டுடப் போறாங்க” என்றான்.

என்ன கிறுக்கு என்று கேட்டேன். அவன் விரல் விட்டு எண்ணினான். மணல் தட்டு வைத்திருந்தும் கால்மிதியிலும் மடித்து வைத்த துணியிலும் சிறுநீர் கழிக்கிறது. தடவிக்கொடுத்தால் ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று கடிக்கிறது. வயிற்று முடியை நக்கி நக்கி வழுக்கையாக்கிவிட்டது. நாற்காலி மேல் ஏறினால் இறங்கத் தயங்குகிறது. கடைசியாகச் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது.

“சோபாவைப் பிராண்டிக்கிட்டே இருக்கு சார். ஆனா அதுக்கு நகமே இல்ல.”

மெர்கோங் தொழிற்பேட்டையிலிருந்து அதிகத் தொலைவில்லை அவன் வீடு. அன்று மாலையே போனேன். மீனு என்ற அந்தச் சாம்பல் நிறப் பூனை அவர்கள் வீட்டில் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பம் அதை அங்கிருந்தே கொண்டு வந்திருக்கிறது. பிறகு கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனபோது, அங்கே விலங்கு வளர்க்க அனுமதி இல்லை என்பதால் இவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கும்போது, “ரொம்பச் சாது. நகம் எடுத்தாச்சு, பிள்ளைங்களைக் கீறாது” என்று சொன்னார்களாம்.

‘நகம் எடுத்தாச்சு’ என்ற இரண்டு சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

விரலை விரித்துப் பாருங்கள்

உங்கள் ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டுங்கள். அதில் மூன்று எலும்புகள் இருப்பது தெரியும். நகம் இருப்பது கடைசி எலும்பின் மேல். நம் நகம் தோலின் மேல் படிந்த தகடு. அடிபட்டு விழுந்தாலும் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. பூனையின் நகம் அப்படி இல்லை. அது விரலின் கடைசி எலும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. அந்த எலும்பைச் சுற்றியுள்ள உயிரணுக்களிலிருந்துதான் நகம் வளர்கிறது. நகத்தை மட்டும் பிடுங்கினால் அது மீண்டும் முளைத்துவிடும். ஆகவே நகம் இனி வரவே கூடாது என்றால், அந்தக் கடைசி எலும்பையே மூட்டோடு வெட்டி எடுக்க வேண்டும்.

அதாவது ‘நகம் எடுப்பது’ என்பது நகம் வெட்டுவது அல்ல. உங்கள் பத்து விரல்களையும் கடைசிக் கணுவில் துண்டிப்பதற்கு நிகரான அறுவை அது. பூனைக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள், பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு விரல்கள். பெரும்பாலும் முன்கால்களில் மட்டும் செய்வார்கள்: பத்துத் துண்டிப்புகள். நான்கு கால்களிலும் செய்தால் பதினெட்டு.

மீனுவுக்கு முன்கால்களில் மட்டும் செய்திருந்தார்கள். முடியை விலக்கிப் பார்த்தபோது, நகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழிதான் இருந்தது. அவ்வளவு பார்ப்பதற்குள் என் கட்டைவிரலில் ஒரு கடி விழுந்தது. கேள்வி கேட்டதற்குப் பதில் கிடைத்தது என்று வைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தையும் திருத்திவிடலாம். பூனை தன் நகத்தை முயற்சி செய்து உள்ளே இழுத்து வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். பூனை ஓய்வாக இருக்கும்போது, ரப்பர் வளையம் போல மீள்தன்மை கொண்ட நார்கள் கடைசி எலும்பை மேல்நோக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. அதற்குத் தசை வேலை செய்யத் தேவையே இல்லை. ஒன்றைப் பற்ற வேண்டும் என்றால்தான் முன்கையில் உள்ள தசை சுருங்கி, நீண்ட தசைநாணை இழுக்கிறது. தசைநாண் கடைசி எலும்பைக் கீழே இழுக்க, நகம் வெளியே வருகிறது. சைக்கிள் பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: கைப்பிடியை அழுத்தினால் கம்பி இழுபடும், கையை விட்டால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

கடைசி எலும்பை வெட்டி எடுத்துவிட்டால் அந்தக் கம்பி எங்கே போய் மாட்டும்? பிடிப்பதற்கு இடமின்றித் தசைநாண் பின்வாங்குகிறது. விரல்கள் நிற்கும் கோணம் மாறுகிறது. பூனை நம்மைப் போல் குதிகாலை ஊன்றி நடக்கும் விலங்கு அல்ல, விரல்களை ஊன்றி நடக்கும் விலங்கு. அதன் உடல் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை முன்கால்கள்தாம் தாங்குகின்றன. உயரத்திலிருந்து குதிக்கும்போது முதலில் தரையைத் தொடுவதும் அவைதாம். மீனு நாற்காலியிலிருந்து இறங்கத் தயங்கியது பயத்தால் அல்ல. நுனி வெட்டப்பட்ட பத்து விரல்களின் மேல் தன் எடை முழுவதும் விழப்போகிறது என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

இல்லாத நகத்தால் ஏன் பிராண்ட வேண்டும்?

பூனை சோபாவைப் பிராண்டுவது நகத்தைக் கூர் தீட்டத்தான் என்று நாம் சொல்வோம். அது ஒரு பகுதிதான். நகம் அடுக்கடுக்காக வளர்வது. பிராண்டும்போது பழைய மேலுறை கழன்று விழுந்து புதிய கூர்நுனி வெளிப்படுகிறது. வீட்டு மூலையில் நகம் போன்ற வெற்றுறை கிடப்பதைப் பூனை வளர்ப்பவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது வேலை உடற்பயிற்சி. தூங்கி எழுந்த பூனை முன்கால்களை எதிலாவது ஊன்றி, முதுகை வளைத்து இழுப்பதைக் கவனியுங்கள். நகம் கொக்கியைப் போல மாட்டிக்கொள்வதால்தான் தோள், முதுகுத் தசைகளை அப்படி முழுவதுமாக நீட்ட முடிகிறது. கொக்கி இல்லாவிட்டால் பாதம் வழுக்கிக்கொண்டே போகும்.

மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது: கடிதம் எழுதுவது. பூனையின் விரல்களுக்கு இடையில் மணச் சுரப்பிகள் உள்ளன. பிராண்டும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் கீறலும் மூக்குக்குத் தெரியும் மணமும் சேர்ந்து பதிகின்றன. ‘இது என் இடம்’ என்று மற்றப் பூனைகளுக்கு ஒரு செய்தி. நம் நாட்டுக் காடுகளில் புலிகள் மரப்பட்டையில் விட்டுச் செல்லும் கீறல்களும் இதே வகைதான். ஆய்வாளர்கள் புலி நடமாட்டத்தைக் கண்டறிய அவற்றையும் தேடுகிறார்கள்.

நகம் போனாலும் அந்தத் தூண்டுதல் போவதில்லை. பிராண்டும் நடத்தை நகத்தில் இல்லை, மூளையிலும் நரம்பிலும் இருக்கிறது. ஆகவே நகம் எடுக்கப்பட்ட பூனையும் வெறும் பாதத்தால் சோபாவைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நகம் எடுத்தால் பிராண்டாது என்று சொன்னவர்கள், சோபா கிழியாது என்பதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

274 பூனைகள்

“ஒரு பூனையை வைத்து எப்படி முடிவுக்கு வரலாம் சார்?” என்று உங்களில் யாராவது கேட்டால் மகிழ்ச்சி. கேட்கத்தான் வேண்டும். மீனு இயல்பிலேயே முரட்டுப் பூனையாக இருக்கலாம். வீடு மாறியதால் குழம்பியிருக்கலாம். சிறுநீர்ப் பையில் நோய் இருக்கலாம்.

இந்தக் கேள்வியை நிக்கோல் மார்ட்டெல்-மோரான் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் ஆய்வு 2017இல் வெளிவந்தது. நகம் எடுக்கப்பட்ட 137 பூனைகள், நகம் உள்ள 137 பூனைகள், ஆக 274. ஒவ்வொன்றின் மருத்துவக் குறிப்பையும் பார்த்தார்கள், உடலைத் தொட்டுச் சோதித்தார்கள், நகம் எடுக்கப்பட்டவற்றின் பாதங்களை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

நகம் எடுக்கப்பட்ட பூனைகள் மணல் தட்டுக்கு வெளியே கழிவதற்கான வாய்ப்பு விகிதம் மற்றவற்றைப் போல 7.2 மடங்கு. கடிப்பதற்கு 4.5 மடங்கு. முடியை அளவுக்கு மீறி நக்கி உதிர்ப்பதற்கும், முரட்டுத்தனத்துக்கும் சுமார் 3 மடங்கு. முதுகுவலிக்கு 2.9 மடங்கு.

முதுகுவலி எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். காலில் முள் குத்திய நாளில் நீங்கள் எப்படி நடப்பீர்கள்? முள் இருப்பது பாதத்தில்தான். ஆனால் சாய்ந்து சாய்ந்து நடந்ததில் மாலையில் இடுப்பு வலிக்கும். பூனை அப்படி ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

எக்ஸ்ரேயில் தெரிந்தது அதைவிட முக்கியமானது. நகம் எடுக்கப்பட்ட பூனைகளில் 63 விழுக்காட்டின் பாதங்களில், முழுமையாக எடுக்கப்படாத எலும்புத் துண்டுகள் மிஞ்சியிருந்தன. ஒவ்வோர் அடியிலும் அந்தத் துண்டு உள்ளே குத்தும். செருப்புக்குள் சிறு கல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் செருப்பைக் கழற்றி உதற முடியாது. துண்டு மிஞ்சிய பூனைகளில் தீய நடத்தைகளும் முதுகுவலியும் இன்னும் அதிகம்.

அப்படியானால் அறுவையைச் சுத்தமாகச் செய்துவிட்டால் போதுமா? அதையும் கணக்கிட்டார்கள். துண்டு எதுவும் மிஞ்சாத பூனைகளின் நிலை சற்று மேல்தான். ஆனாலும் அவை கடிப்பதற்கான வாய்ப்பு விகிதம் நகமுள்ள பூனைகளைப் போல 3 மடங்காகவும், கண்ட இடத்தில் கழிவதற்கு 4 மடங்காகவும் இருந்தது.

நகம் எடுக்கப்பட்ட எல்லாப் பூனையும் கடிக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. அமைதியாக வாழ்ந்து முடித்த பூனைகளும் உண்டு. முன்பு நடந்த சில ஆய்வுகளில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஆய்வின் வலிமை, உரிமையாளர் சொன்னதைக் கேட்டதோடு நிற்காமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இருக்கிறது.

ஒவ்வொரு குறும்பும் ஒரு குறிப்பு

இப்போது மீனுவின் குற்றப் பட்டியலுக்குத் திரும்புவோம்.

கால்மிதியில் சிறுநீர். பூனை மணலைத் தோண்டிக் கழித்துவிட்டு மூடும் விலங்கு. தோண்டுவதற்குப் பயன்படுவது எது? வெட்டுப்பட்ட அதே விரல்கள். மீனுவின் தட்டில் இருந்தது கரடுமுரடான பெரிய மணி மணல். அதில் கால் வைத்தாலே வலி. சில தடவை வலித்ததும் பூனையின் மூளை தட்டையும் வலியையும் முடிச்சுப் போட்டுவிடும். மணி ஓசைக்கே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே மணியும் சோறும், இங்கே மணலும் வலியும். பிறகு பூனை மெத்தென்ற இடத்தைத் தேடுகிறது. கால்மிதி, மடித்த துணி, மெத்தை. நம்மைப் பழிவாங்க நம் சட்டையைத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த வீட்டில் இருப்பதிலேயே மென்மையான பொருள் அந்தச் சட்டை, அவ்வளவுதான்.

கடி. மிரண்ட பூனை முதலில் என்ன செய்யும்? சீறும், பிறகு கையை ஓங்கி ஓர் அறை. பெரும்பாலும் அந்த அறையோடு விஷயம் முடிந்துவிடும். அந்தக் கருவியைப் பிடுங்கிவிட்டால் அடுத்திருக்கும் ஒரே கருவி பல். எச்சரிக்கைப் படி ஒன்று குறைந்துபோனதால், நமக்கு அது ‘திடீரென்று’ கடித்தது போலத் தெரிகிறது. பூனைக் கீறலைவிடப் பூனைக் கடி ஆபத்தானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி போன்ற பல் ஆழமாக இறங்கிக் கிருமிகளை உள்ளே விட்டுவிடும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளைக் கீறாது என்று நகம் எடுத்த பூனை பிள்ளைகளைக் கடித்தால், லாபம் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

வயிற்று வழுக்கை. வலியோ மன உளைச்சலோ உள்ள விலங்குகள் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது உண்டு. நீங்கள் சோதனைக்கு முன் நகம் கடிப்பதில்லையா?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கடினமான கேள்வி இருக்கிறது. இல்லாத விரல்நுனி வலிக்குமா? மனிதர்களுக்கு வலிக்கிறது. கை, கால் இழந்தவர்கள் பலர் அந்த இல்லாத உறுப்பில் அரிப்பும் எரிச்சலும் இருப்பதாகச் சொல்கிறார்கள். இதை விளக்கியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர்: தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் நரம்பியல் ஆய்வு செய்த வி. எஸ். இராமச்சந்திரன். கையை இழந்த ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டுக் கன்னத்தை மெல்லத் தொட்டார். இல்லாத கையின் விரலைத் தொடுவதாக அவர் சொன்னார். மூளையில் கைக்கான பகுதியும் முகத்துக்கான பகுதியும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். கையிலிருந்து செய்தி வருவது நின்றதும், பக்கத்து வீட்டுச் செய்தி காலி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. உறுப்பு போனாலும் மூளையில் உள்ள அதன் வரைபடம் போவதில்லை.

மனிதன் வாய் திறந்து சொல்கிறான். பூனை சொல்லாது. சொல்லாதது மட்டுமல்ல, மறைக்கவும் செய்யும். பூனை எலிக்கு வேட்டைக்காரன், ஆனால் பெரிய விலங்குகளுக்கு இரை. தனியாக வேட்டையாடும் சிறு விலங்கு நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் காட்டில் அதிக நாள் வாழாது. அந்தக் காட்டுப் பழக்கம் நம் வீட்டுக் கூடத்திலும் தொடர்கிறது.

ஆனாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பார்க்க வேண்டியவை ஐந்து: காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை. காது முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் 0, பக்கவாட்டில் விரிந்து தட்டையானால் 2. கண் நன்றாகத் திறந்திருந்தால் 0, இடுங்கியிருந்தால் 2. மூக்கைச் சுற்றிய பகுதி இறுகுவது, மீசை விறைத்து முன்னால் நீட்டிக்கொள்வது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது, இவற்றுக்கும் அப்படியே. மொத்தம் 10 புள்ளி. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிக்கு மருந்து தேவை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேலி செய்வோம். வலியிலும் பூனை கண்ணைப் பாதி மூடும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: தூங்கும் பூனையையும் சாப்பிடும் பூனையையும் வைத்துப் புள்ளி போடக் கூடாது.

பனடோல் கொடுக்காதீர்கள்

இவற்றையெல்லாம் நான் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, பாட்டி நடுவில் புகுந்தார். “வலிதானே வாத்தியாரே, பாதி பனடோல் தூளாக்கி மீன்ல வச்சுக் கொடுத்துட்டா போச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பனடோலில் உள்ள பாராசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. நம் கல்லீரல் அந்த மருந்தை வேறு பொருளோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அதற்குத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மருந்து நச்சுப் பொருளாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய சிவப்பணு சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். பாதி மாத்திரையும் ஆபத்துதான். பாட்டி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பூனை குட்டி மனிதன் அல்ல என்பதுதான் சிக்கல்.

எங்கே தொடங்கியது, எங்கே நின்றது

பூனை நகத்தை எடுக்கும் வழக்கம் பெரும்பாலும் வட அமெரிக்காவுக்கு உரியது. வீட்டுக்குள்ளேயே பூனை வளர்ப்பதும், விலை உயர்ந்த தளவாடமும், வாடகை வீட்டுக்காரர்களின் நிபந்தனையும் சேர்ந்து அதை ஒரு சாதாரண அறுவை ஆக்கிவிட்டன. ஐரோப்பாவில் 1987ஆம் ஆண்டுச் செல்லப் பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கையே அதற்கு எதிராக எழுதப்பட்டது. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ், மருத்துவக் காரணமின்றி அதைச் செய்ய முடியாது.

அமெரிக்காவில் எதிர்ப்பைத் தொடங்கி வைத்தவை புலிகளும் சிங்கங்களும் என்றால் வியப்பாக இருக்கும். திரைப்படத்துக்கும் காட்சிக்கும் வளர்க்கப்பட்ட பெரும் பூனைகளின் நகங்களை எடுத்திருந்தார்கள். அவை நடக்க முடியாமல் தவித்ததைப் பார்த்த ஜெனிஃபர் கோன்ராட் என்ற கால்நடை மருத்துவர், அறுவை செய்து அவற்றின் பாதங்களைச் சீர்ப்படுத்தத் தொடங்கினார். புலிக்கு இவ்வளவு வலி என்றால் வீட்டுப் பூனைக்கு வலிக்காதா என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது. கலிபோர்னியாவின் வெஸ்ட் ஹாலிவுட் நகரம் 2003இல் தடை விதித்தது. 2019இல் நியூ யார்க் அமெரிக்காவின் முதல் மாநிலமாகத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. 2022இல் மேரிலாண்ட் தொடர்ந்தது.

நம் நாட்டில் விலங்கு நலச் சட்டம் 2015 இருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நகமுள்ள பூனை சோபாவைக் கிழிக்கிறதே, என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நகத்தின் கூர்நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்த நாளமும் நரம்பும் இருக்கின்றன, அதைத் தொடாதீர்கள். பிறகு, பிராண்டுவதற்கென்று ஒரு கம்பம் கொடுங்கள். கெடாவில் பழைய நெல் சாக்குக்குப் பஞ்சமா? ஒரு மரக்கட்டையில் சணல் சாக்கை இறுகச் சுற்றினால் போதும். பூனை முழு நீளத்துக்கு நிமிர்ந்து நீட்டும் உயரம் வேண்டும், இழுத்தால் ஆடக் கூடாது. ஆடும் கம்பத்தைப் பூனை ஒரு முறை தொட்டுவிட்டு மீண்டும் சோபாவுக்கே போய்விடும்.

கம்பத்தின் பக்கம் பூனையை ஈர்க்க, உங்கள் வீட்டுக் கால்வாய் ஓரத்திலேயே ஒரு செடி இருக்கிறது: குப்பைமேனி. மலாய்க்காரர்கள் அதைக் ‘கூச்சிங் காலாக்’ என்கிறார்கள். தமிழிலும் அதற்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு. பிடுங்கிய வேரின் மணத்துக்குப் பூனைகள் மயங்கிப் புரளும். இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியே பூனையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். வேரை நசுக்கிச் சாக்கில் தேய்த்து, பிறகு கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

மீனுவின் நோட்டுப் புத்தகம்

பாசாருக்குப் போகும் திட்டத்தை ஒரு மாதம் தள்ளிப்போடும்படி அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். “ஒரு மாசந்தான் சார்” என்றார். முகத்தில் சலிப்பு இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் கால்மிதி துவைத்தவர் அவர்தான்.

கால்நடை மருத்துவர் முதலில் சிறுநீரைச் சோதித்தார், நோய் இல்லை. பிறகு எக்ஸ்ரே. இடது முன்காலில் இரண்டு விரல்களில் எலும்புத் துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. பூனைக்கென்றே அளவிட்ட வலி மருந்து கொடுத்தார். துண்டுகளை எடுக்கும் அறுவையைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

வீட்டில் செய்த மாற்றங்கள் எளியவை. கரடுமுரடான மணலை எடுத்துவிட்டுக் கிழித்த நாளிதழ் போட்டார்கள். உயர விளிம்புத் தட்டுக்குப் பதிலாகத் தாழ்ந்த தட்டு. நாற்காலி அருகே இறங்குவதற்கு ஒரு பெட்டி. முன்காலை யாரும் தொடக் கூடாது. கால்மிதிகளை ஒளித்து வைத்தார்கள். பழைய மணம் இருந்தால் பூனை அதே இடத்துக்கு வரும் என்பதால், தரையைக் கழுவிக் கழுவித் துடைத்தார்கள்.

மாணவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். நோட்டுப் புத்தகத்தில் தினமும் நான்கு பத்தி: நேரம், எங்கே கழித்தது, யாரைக் கடித்தது, முகத்துக்கு எத்தனை புள்ளி. தட்டுக்கு வெளியே என்றால் சிவப்பு மை. முதல் வாரப் பக்கம் முழுவதும் சிவப்பு. மருந்து தொடங்கி மூன்றாவது வாரத்தில் நீலம் கூடியது. ஆறாவது வாரப் பக்கத்தில் சிவப்பு இரண்டே இடத்தில், இரண்டும் மழை நாள்கள். மழைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவனே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தான். மருந்தா, நாளிதழா, தொடாமல் விட்டதா, எது வேலை செய்தது என்று இந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டோம். ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தான் மாற்ற வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நானேதான். வலியில் இருக்கும் பூனையிடம் அதைக் கடைப்பிடிக்க மனம் வரவில்லை.

ஒரு மாதக் கெடு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பாசார் பற்றி யாரும் பேசவில்லை. இடது காலைத் தொட்டால் மீனு இன்னும் கடிக்கிறது. கொல்லைப்புறத்தில் வெட்டிப் போட்டிருந்த பலாக்கட்டை ஒன்றில் அம்மா சாக்கைச் சுற்றிக் கூடத்து மூலையில் நிறுத்தியிருக்கிறார். காலையில் எழுந்ததும் மீனு அதில் ஏறி நின்று, நகமில்லாத இரு பாதங்களாலும் மாறி மாறித் தேய்க்கிறது.

“நகம் இல்லைன்னு அதுக்குத் தெரியுமா சார்?” என்று மாணவன் கேட்டான். விரல்களுக்கு இடையில் உள்ள மணச் சுரப்பிகளை யாரும் வெட்டவில்லை என்று அவனுக்குச் சொன்னேன். சாக்கில் கீறல் விழவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கடுவன் சன்னல் வழியாக உள்ளே வந்தபோது, அந்தக் கட்டையை நீண்ட நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது.